சொல்லிவிட்டுப் போய்வாருங்கள்

தமிழ்நாட்டின் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் பணிபுரியும் இளம் ஆசிரியர்களுக்கு,

33 ஆண்டுகள் சிவில் பொறியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் எழுதும் மடல் இது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பழைய மாணவர் ஒருவர் அழைத்தார். இப்போது அவர் ஒரு பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர். ஐந்து மாடிக் குடியிருப்பு கட்டும் பில்டர் ஒருவர், தூண், உத்தரங்களின் வரைபடங்களைச் சரிபார்த்துத் தரும்படி அவரைக் கேட்டிருக்கிறார். "இந்த வேலையைச் செய்யலாமா சார்?" என்று அவர் கேட்டிருந்தால், தாராளமாகச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்திருப்பேன். அவர் கேட்டது வேறு. "அனுமதி கேட்டுச் செய்யணுமா, சும்மா செஞ்சிடலாமா? கேட்டா ஃபைல் ஆறு மாசம் தூங்கும், கேக்காம செஞ்சா யாருக்கும் தெரியாதுன்னு டிபார்ட்மென்ட்ல எல்லாரும் சொல்றாங்க சார்."

கேட்டுச் செய்யுங்கள் என்றேன். பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஆனால் ஏன் கேட்க வேண்டும் என்பதை நான் அவருக்குச் சொல்லவே இல்லை என்பது அன்று முழுவதும் உறுத்திக்கொண்டிருந்தது. அதே கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு யாரிடமும் கேட்காமல் இருப்பவர்கள் உங்களில் எத்தனையோ பேர். அவருக்குச் சொல்லாமல் விட்டதை உங்கள் எல்லோருக்குமாகச் சொல்ல நினைக்கிறேன்.

ஆசிரியர் கல்லூரி வாசலைத் தாண்டவே கூடாது என்று நினைப்பவன் அல்ல நான். கான்கிரீட்டைப் புத்தகத்தில் மட்டும் பார்த்த ஆசிரியர், வெயில் நேரத்தில் கலவை இறுகுகிறது என்று தண்ணீரை ஊற்றும் மேஸ்திரியிடம் ஒரு பொறியாளர் என்ன பேச வேண்டும் என்பதை எப்படிக் கற்பிப்பார்? வழக்கைப் பார்க்காத சட்ட ஆசிரியரும், நோயாளியைத் தொடாத மருத்துவ ஆசிரியரும், வயலில் இறங்காத வேளாண் ஆசிரியரும் அப்படித்தான். வெளியே போய் வந்த ஆசிரியரின் வகுப்பில் ஒரு வெளிச்சம் இருக்கும். மாணவர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

ஊருக்கும் நாம் தேவைப்படுகிறோம். 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அடுத்த வாரம் வகுப்புக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி, "இதை யாரும் செக் பண்ணலையா சார்?" என்பதுதான். 2021இல் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் கையால் சுரண்டினாலே சுவர்ப் பூச்சு உதிர்ந்தபோது, கட்டடத்தின் தரத்தை ஆராயும் பொறுப்பு ஐ.ஐ.டி. மெட்ராஸிடம் கொடுக்கப்பட்டது. கட்டியவரின் பொறியாளரும் கட்டச் சொன்ன துறையின் பொறியாளரும் சொன்னால் நம்பாத ஊர், கல்விக்கூடத்தின் கையெழுத்தை நம்பும். அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் லாப நட்டம் எதுவும் இல்லை என்ற எண்ணமே அதற்குக் காரணம். நம்மிடம் உள்ள மூலதனம் இந்த நம்பிக்கை ஒன்றுதான். விதிகள் எல்லாம் இதைக் காப்பதற்காகவே இருக்கின்றன என்பது என் எண்ணம்.

இனி விதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறையை உங்களில் பலர் பதவி உயர்வுக்கு மதிப்பெண் கூட்டிப் பார்க்கத்தான் திறந்திருப்பீர்கள். மதிப்பெண் பட்டியலை விட்டு முன்னும் பின்னும் புரட்டிப் பாருங்கள். முழுநேர ஆசிரியரின் பணி வாரத்துக்கு 40 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, ஆண்டுக்கு 30 வாரம், அதாவது 180 கற்பித்தல் நாள். நாள்தோறும் குறைந்தது 5 மணி நேரம் வளாகத்தில் இருக்க வேண்டும். நேரடி வகுப்பு உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம், மற்றவர்களுக்கு 14. ஆசிரியப் பணிக்கு இடையூறாகக்கூடிய வேறு வேலை, தனி வகுப்பு, பயிற்சி மையம் எதையும் ஏற்கக் கூடாது என்று அதன் நெறிப் பகுதி சொல்கிறது. அதே ஆவணத்தின் ஆய்வு மதிப்பெண் அட்டவணை, வெளியாருக்கு ஆலோசனைப் பணி செய்பவருக்கு 3 மதிப்பெண் தருகிறது.

ஒரு கையால் தடுத்து மறு கையால் தட்டிக்கொடுக்கிறார்களே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இரண்டையும் சேர்த்துப் படித்தால் பொருள் புரிகிறது. தடுக்கப்படுவது பணியைக் குலைக்கும் வேலை. பாராட்டப்படுவது நிறுவனத்தின் வழியாக, நிறுவனத்துக்குத் தெரிந்து நடக்கும் வேலை. ஐ.ஐ.டி.களில் ஆலோசனைப் பணிக்கு வாரம் ஒரு நாள் என்ற கணக்கு நெடுநாளாக வழக்கத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் காலாண்டுப் பருவத்துக்கு 13 நாள் என்பது வரம்பு. அதுவும் ஏறக்குறைய வாரம் ஒரு நாள்தான். பணக்காரப் பல்கலைக்கழகமும் ஏழைப் பல்கலைக்கழகமும் ஒரே இடத்தில் வந்து நிற்பது தற்செயலாக இருக்க முடியாது. ஐந்தில் ஒரு பங்கு வெளியே போகலாம், நான்கு பங்கு மாணவருக்கு என்பதுதான் கணக்கு.

வழிமுறையும் சிக்கலானது அல்ல. வேலை கொடுப்பவர் உங்கள் பெயருக்கு எழுதாமல் நிறுவனத்துக்கு எழுத வேண்டும். துறைத்தலைவர் வழியாகக் கோப்பு ஆலோசனை மையத்துக்கோ பதிவாளருக்கோ போகும். கட்டணம் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யோடு நிறுவனக் கணக்கில் சேரும். ஆய்வகத்துக்கும் கருவிக்கும் ஆன செலவும் நிறுவனத்தின் பங்கும் போக, மீதி உங்களுக்கும் உங்களோடு உழைத்தவர்களுக்கும் வரும். கடைசியில் கைக்கு வருவது, பில்டர் நேராகக் கையில் வைப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அந்த வித்தியாசத்துக்காகத்தான் பலர் கேட்காமல் செய்கிறார்கள். நானும் செய்தேன்.

அதைச் சொல்லாமல் உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

1989இல் நான் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர். திருமணமாகி இரண்டு ஆண்டு, வாடகை வீடு, தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடன். மாலை நேரங்களில் ஒரு கட்டட ஆலோசகரின் அலுவலகத்தில் உத்தரக் கணக்குப் போடத் தொடங்கினேன். பிறகு அவர் வாடிக்கையாளர்களின் கான்கிரீட் கியூப்களைக் கல்லூரி ஆய்வகத்து எந்திரத்தில் வைத்து நொறுக்கிப் பார்த்துக் கொடுத்தேன். கல்லூரிக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. ஆய்வக உதவியாளருக்கு மட்டும் கையில் ஏதோ கொடுப்பேன். "தேனெடுத்தவன் புறங்கையை நக்கமாட்டானா" என்று அவர் சிரிப்பார். எனக்கும் அந்தப் பழமொழி வசதியாக இருந்தது.

அந்த ஆண்டு என் இறுதியாண்டு மாணவர்கள் நான்கு பேர், சாம்பலைச் சிமென்ட்டோடு கலந்து ஒரு செயல்திட்டம் செய்துகொண்டிருந்தார்கள். வார்த்த கியூப்பை 7ஆம் நாளும் 28ஆம் நாளும் சோதிக்க வேண்டும் என்பது உங்களில் சிவில் படித்தவர்களுக்குத் தெரியும். அவர்களுடைய 28ஆம் நாள் வந்தபோது நானும் ஆய்வக உதவியாளரும் தாம்பரத்துக்கு அப்பால் ஒரு சைட்டில் இருந்தோம். ஆய்வகச் சாவி உதவியாளரின் இடுப்பில் இருந்தது. தொடர்ந்து இரண்டு நாள் விடுமுறை. பிள்ளைகள் 31ஆம் நாள்தான் சோதித்தார்கள். பதிவேட்டில் 28 என்று எழுதினார்கள்.

தேதியைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. ஏன் என்று கேட்டேன். அவர்களில் ஒரு பெண், தலையைக் குனிந்தபடி, "உங்களுக்குப் பிரச்சினை வரக் கூடாதுன்னுதான் சார்" என்றாள். 

பொய் எழுதுங்கள் என்று நான் அவர்களுக்குச் சொல்லவில்லை. சொல்லாமலே கற்றுக்கொடுத்துவிட்டேன். நான்கு ஆண்டுகளில் அந்தப் பிள்ளைகள் என்னிடம் கற்றுக்கொண்ட பாடங்களில் அதுவும் ஒன்று. அந்த மாதமே மாலை வேலையை விட்டேன். பின்னாளில் முறைப்படி அனுமதி பெற்று எத்தனையோ ஆலோசனைப் பணிகள் செய்தேன். அவை எதிலும் இரவு தூக்கம் கெட்டதில்லை.

அந்த நாட்களைத் திரும்பிப் பார்க்கும்போது எனக்குச் சொந்தமில்லாத மூன்று பொருட்களை நான் செலவழித்திருக்கிறேன் என்று தெரிகிறது. ஒன்று நேரம். இரண்டாவது கருவியும் ஆளும். "ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்பார்களே, அந்தக் கதை. மூன்றாவது, கல்லூரியின் பெயர். அந்த ஆலோசகர் என்னைத் தேடி வந்தது என் கணக்குத் திறமைக்காக மட்டும் இல்லை. அறிக்கையில் 'கல்லூரி ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது' என்று ஒரு வரி போட முடியும் என்பதற்காகவும்தான். நேரத்தை ஈடு செய்யலாம், எந்திரத்துக்கு வாடகை கட்டலாம். பெயர் கெட்டால் அதை மீட்க வழி கிடையாது.

பெயர் எப்படிக் கெடும் என்பதற்கு உலகறிந்த ஒரு நிகழ்ச்சி உண்டு. 1999 செப்டம்பரில், அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்த மரபணுச் சிகிச்சைச் சோதனையில் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞன் இறந்தான். அவனுக்கு இருந்த கல்லீரல் குறைபாடு மருந்தாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் அடங்கியிருந்த ஒன்று. தன்னைப் போன்ற குழந்தைகளுக்குப் பயன்படட்டும் என்றுதான் அவன் சோதனைக்கு முன்வந்தான். ஆய்வு நிலையத்தின் தலைவரான பேராசிரியர் ஜேம்ஸ் வில்சன், அதே துறையில் ஜெனோவோ என்ற நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். அதில் அவருக்கும் பங்கு இருந்தது, பல்கலைக்கழகத்துக்கும் பங்கு இருந்தது. பணம்தான் அந்தப் பிள்ளையைக் கொன்றது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அவன் இறந்த பிறகு, அந்த ஆய்வில் எடுக்கப்பட்ட ஒவ்வொரு முடிவும் அறிவியலுக்காக எடுக்கப்பட்டதா, பங்குக்காக எடுக்கப்பட்டதா என்று உலகம் கேட்டது. நேர்மையாக எடுத்த முடிவுகளும் அந்தக் கேள்விக்குத் தப்பவில்லை. அதன் பிறகு பல பல்கலைக்கழகங்கள் தங்கள் விதிகளை இறுக்கின.

நம் ஊரில் நடந்தது வேறு வகை. 2024 ஜூலையில், ஊழலுக்கு எதிராக இயங்கும் அறப்போர் இயக்கம் ஆவணங்களோடு வெளியிட்ட செய்தியை மறந்திருக்க மாட்டீர்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பெற்ற 224 பொறியியல் கல்லூரிகளில் 353 பேர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தார்கள். பல்கலைக்கழகம் தானே சரிபார்த்தபோது, 189 பேரின் பெயர்கள் ஏறக்குறைய 2,000 பணியிடங்களை நிரப்பியிருந்தது தெரியவந்தது. 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதம் காகிதத்தில் நிறைந்தது. வகுப்பறையில் நாற்காலி காலியாகவே இருந்தது.

எனக்கும் இதற்கும் என்ன தொடர்பு, நான் ஒரு வரைபடத்தைச் சரிபார்க்கத்தானே போகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்தான். ஆனால் இரண்டும் ஒரே பாதையில் இருக்கின்றன. அங்கே விற்பனைக்கு வந்தது உழைப்பு இல்லை, பெயர். ஒருவர் இங்கே இருக்கிறார் என்ற வாக்குறுதியை நம்பித்தான் பெற்றோர் நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டுகிறார்கள். அந்த ஒருவர் வேறெங்கோ இருந்தால், ஏமாந்தது கல்லூரியைச் சோதிக்க வரும் குழு இல்லை, அந்தப் பெற்றோர்தான். 1989இல் சாவியோடு தாம்பரம் போன நானும் சிறிய அளவில் அதைத்தான் செய்தேன். பதிவேட்டில் நான் கல்லூரியில் இருந்தேன்.

இதைப் படிக்கும் கௌரவ விரிவுரையாளர்களின் முகம் எனக்குத் தெரிகிறது. எங்களுக்குமா இந்த உபதேசம் என்று நீங்கள் கேட்பது நியாயம். வருகைநிலை ஆசிரியருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று மானியக் குழு 2019இல் சொன்னது. நம் அரசு கலைக் கல்லூரிகளில் 25,000 ரூபாய் வரை உயரவே ஆண்டுகள் பல ஆயின. அதுவும் ஆண்டுக்கு 11 மாதத்துக்கு. முனைவர் பட்டம் பெற்றவர் காலையில் கல்லூரியிலும் மாலையில் டியூஷன் மையத்திலும் நின்றுகொண்டு, ஞாயிற்றுக்கிழமை போட்டித் தேர்வு வகுப்பும் எடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு காலாக அவர்கள் நிற்பது ஆசையால் இல்லை. அவர்களிடம் முழுநேர ஆசிரியருக்கான கட்டுப்பாட்டை நீட்டுவது அநியாயம். பிழைக்கப் போதாத சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, வேறு வேலை பார்க்கக் கூடாது என்று சொல்ல எந்த நிர்வாகத்துக்கும் உரிமை கிடையாது. உழைப்பு முழுவதையும் கேட்பவர்கள் வாழ்வதற்கு முழுச் சம்பளம் தர வேண்டும்.

தொழிலுக்குத் தொழில் விதி மாறுவதையும் பார்க்கிறோம். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி ஆசிரியர் பணி நேரம் முடிந்த பிறகு தனியாக நோயாளிகளைப் பார்க்கலாம். கேரளத்தில் அது கூடாது. முழுநேரச் சம்பளம் வாங்குபவர் வழக்கறிஞராகத் தொழில் செய்வதை பார் கவுன்சில் விதி பொதுவாகத் தடுக்கிறது. ஆனால் தொழில் செய்யும் வழக்கறிஞர் நாளுக்கு 3 மணி நேரம் வரை சட்டம் கற்பிக்கலாம் என்று 1979ஆம் ஆண்டு விதி இடம் தருகிறது. புதுத் தொழில் தொடங்கும் ஆசிரியர்களுக்கு 2019ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை கதவைத் திறந்துவிட்டது. ஆனால் கல்லூரியில் செய்யும் ஆய்வையும் நிறுவனத்தில் செய்யும் வேலையையும் பிரித்து வைக்க வேண்டும், கல்லூரியின் ஆய்வுப் பணியாளர்களைத் தன் நிறுவன வேலைக்கு இழுக்கக் கூடாது என்றும் அது கேட்கிறது. வரம்பு எங்கே என்பதில் ஊருக்கு ஊர் கருத்து வேறுபடலாம். ஒளித்துச் செய்யலாம் என்று எந்த ஊர் விதியும் சொல்லவில்லை.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, உங்களிடம் நான் கேட்பது சில எளிய பழக்கங்கள். வேலையை ஏற்கும் முன் எழுத்தில் தெரிவியுங்கள். வாய்மொழி அனுமதியை நம்பாதீர்கள், துறைத்தலைவர் மாறினால் அதுவும் மாறும். வெளியே செலவழித்த நாட்களை ஒரு நாட்குறிப்பில் எழுதி வையுங்கள். யாரும் கேட்காவிட்டாலும் உங்களுக்கு நீங்களே கணக்குக் காட்ட அது உதவும். உங்கள் ஆய்வு மாணவரை வெளி வேலைக்கு அழைத்தால் அவருக்கு உரிய ஊதியத்தைக் கொடுங்கள், அறிக்கையில் பெயரையும் போடுங்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்மையில் இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். அவருடைய ஆய்வேட்டுக்கான கையெழுத்து உங்கள் கையில் இருக்கும்போது அவரால் எளிதில் மறுக்க முடியாது. முடிவு பிடிக்காவிட்டால் வெளியிடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால், எவ்வளவு பணமானாலும் அந்த வேலையை விட்டுவிடுங்கள். உங்களுக்குப் பணம் கொடுத்த நிறுவனத்தைப் பற்றி எங்காவது கருத்துச் சொல்ல நேர்ந்தால், முதல் வாக்கியத்திலேயே அதைச் சொல்லுங்கள்.

பதிவாளர் அலுவலகங்களில் இருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும். உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆறு மாதம் கோப்பைத் தூங்கவைக்கும் அலுவலகம்தான் நேர்மையான ஆசிரியரைத் திருட்டுத்தனத்துக்குத் தள்ளுகிறது. 15 நாளில் ஆம் என்றோ இல்லை என்றோ காரணத்தோடு பதில் கொடுங்கள். சிறு பணிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை பொது அனுமதி போதும். யார் யாருக்கு எந்த வேலை செய்கிறார் என்ற பதிவேட்டை மாணவர்களும் பார்க்கும்படி வையுங்கள். உதவிப் பேராசிரியருக்கு ஒரு விதி, துணைவேந்தருக்கு நெருக்கமானவருக்கு ஒரு விதி என்று இருந்தால் எந்தப் பதிவேடும் பயன் தராது.

நம் வீடுகளில் வெளியே கிளம்பும் யாரும் "போறேன்" என்று சொல்வதில்லை. "போய்ட்டு வரேன்" என்கிறோம். போகிறோம் என்பதைச் சொல்கிறோம், திரும்பி வருவோம் என்ற உறுதியையும் சேர்த்துக் கொடுக்கிறோம். வெளிப் பணி விதிகள் அத்தனையும் என் கண்ணுக்கு அந்த ஒரு சொல்லின் விரிவாகத்தான் தெரிகின்றன. காத்திருப்பவர்கள் மாணவர்கள். அவர்களிடம் சொல்லிவிட்டுப் போய்வாருங்கள்.

அந்தப் பழைய மாணவர் அனுமதிக்கு எழுதிக் கொடுத்தார். மூன்று வாரம் பதில் வரவில்லை. பில்டர் பொறுக்காமல் வரைபடங்களை வேறு ஒருவரிடம் கொண்டுபோய்விட்டார். நேற்று மாணவர் மீண்டும் அழைத்தார். குரலில் வருத்தம் இருந்தது, ஆனால் கோபம் இல்லை. "ஆண்டு முழுக்கப் பொது அனுமதி கேட்டு இன்னொரு லெட்டர் எழுதியிருக்கேன் சார். டிபார்ட்மென்ட்ல இன்னும் நாலு பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க" என்றார்.

கேட்காமல் செய் என்று அவருக்குச் சொன்னவர்களும் அந்த நால்வரில் இருக்கிறார்களாம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற சிவில் பொறியியல் ஆசிரியர்,
சென்னை